தேர்தல் விதியை யார் எழுதுவது? நியூசிலாந்திலிருந்து நூனவுட் வரை

கேள்வி இதுதான்: "நியூசிலாந்தில் மக்களிடமே வாக்கெடுப்பு நடத்தித் தேர்தல் முறையையே மாற்றிவிட்டார்களாமே, அது எப்படி முடிந்தது? மற்ற நாடுகளில் ஏன் முடியவில்லை? கட்சிகளே இல்லாத ஆட்சி எங்காவது உண்டா?"

மூன்றுக்கும் முடிச்சு ஒரே இடத்தில்தான் இருக்கிறது. தேர்தல் முறையை மாற்றும் அதிகாரம் நாடாளுமன்றத்தில் உட்கார்ந்திருப்பவர்களிடம் இருக்கிறது. அவர்கள் எல்லோரும் இருக்கிற முறையில் ஜெயித்து வந்தவர்கள். தங்களை ஜெயிக்க வைத்த விதியைத் தாங்களே எடுத்துப்போட யாருக்கும் மனம் வராது. அதனால்தான் பொதுவாக்கெடுப்பு என்ற வழி வருகிறது. ஆனால் வாக்கெடுப்பு நடப்பதாலேயே காரியம் ஆகிவிடாது. கேள்வியை யார் எழுதினார்கள், எத்தனை சதவீதம் வேண்டும் என்று யார் தீர்மானித்தார்கள், 'ஆம்' என்று வந்தால் அடுத்து என்ன நடக்கும் என்பது முன்கூட்டியே சட்டமாக எழுதப்பட்டிருந்ததா, இவற்றைப் பாருங்கள். முடிவு பெரும்பாலும் அங்கேயே தெரிந்துவிடும்.

நியூசிலாந்தை விரிவாகவே சொல்கிறேன், மற்றவற்றுக்கு அதுதான் அளவுகோல்.

அங்கேயும் நம்மைப் போலத்தான்: ஒரு தொகுதி, அதில் யார் அதிக வாக்கு வாங்குகிறாரோ அவருக்கு வெற்றி. 1978 தேர்தலில் தொழிற்கட்சிக்கு 40.4 சதவீத வாக்கு, தேசியக் கட்சிக்கு 39.8. ஆனால் ஆட்சி தேசியக் கட்சிக்கு: 92 இடங்களில் 51. சோஷியல் கிரெடிட் என்ற மூன்றாவது கட்சிக்கு 16 சதவீத வாக்கு, கிடைத்தது ஒரே ஒரு இடம். 1981-இல் மறுபடியும் அதே கதை. தொழிற்கட்சிதான் வாக்கில் முன்னால். தேசியக் கட்சிதான் ஆட்சியில். சோஷியல் கிரெடிட்டுக்கு இந்த முறை 20 சதவீதத்துக்கு மேல் வாக்கு, இரண்டே இடம். ஐந்து பேரில் ஒருவர் ஒரு கட்சிக்குப் போடுகிறார், அந்தக் கட்சிக்கு நாடாளுமன்றத்தில் இரண்டு நாற்காலி. இரண்டு தேர்தல் தொடர்ந்து இப்படி நடந்தால் சாதாரண ஆளுக்கும் கணக்கு உறைக்கத் தொடங்கிவிடும்.

1984-இல் ஆட்சிக்கு வந்த தொழிற்கட்சி, இரண்டு முறை ஏமாந்த கட்சி என்பதால், ஒரு ராயல் கமிஷன், அதாவது சுதந்திரமான விசாரணைக் குழு, அமைத்தது. நீதிபதி ஜான் வாலஸ் தலைமை. அதில் பதவியில் இருக்கும் அரசியல்வாதி யாரையும் போடவில்லை. இது சின்ன விஷயம் போலத் தெரியும், ஆனால் பின்னால் நடந்த எல்லாவற்றுக்கும் அடித்தளம் இதுதான். 1986 டிசம்பரில் வந்த அறிக்கை, ஜெர்மனியில் இருப்பதைப் போன்ற கலப்பு விகிதாசார முறையைப் பரிந்துரைத்தது.

அது எப்படி வேலை செய்கிறது என்றால், வாக்காளருக்கு இரண்டு வாக்கு. ஒன்று தொகுதி வேட்பாளருக்கு, இன்னொன்று கட்சிக்கு. ஒரு கட்சிக்கு 30 சதவீதக் கட்சி வாக்கு கிடைத்தால், 120 இடங்களில் அதற்கு ஏறத்தாழ 36 சேரவேண்டும். தொகுதிகளில் நேரடியாக 30 ஜெயித்திருந்தால், மீதி 6 பேர் கட்சி முன்கூட்டியே வெளியிட்ட பட்டியலிலிருந்து வரிசைப்படி வருவார்கள். தொகுதியில் ஒன்றுமே ஜெயிக்கவில்லை என்றால் 36 பேரும் பட்டியலிலிருந்து. மொத்தத்தில் யார் எவ்வளவு பலம் என்பதைத் தீர்மானிப்பது கட்சி வாக்குதான். பட்டியலில் பங்கு கேட்க ஐந்து சதவீத வாக்காவது வேண்டும், அல்லது ஒரு தொகுதியாவது ஜெயித்திருக்க வேண்டும்.

அறிக்கை வந்ததும் இரண்டு பெரிய கட்சிகளும் அதை அலமாரியில் வைக்கத்தான் பார்த்தன. 1987 தேர்தலின்போது தொலைக்காட்சி விவாதத்தில் பிரதமர் டேவிட் லாங்கே, வாக்கெடுப்பு நடத்துவோம் என்று சொல்லிவிட்டார். அது கட்சி முடிவெடுத்துச் சொன்னது அல்ல. வாய் தவறி வந்தது என்றுதான் பின்னால் விளக்கம் வந்தது. ஜெயித்த பிறகு கைவிட்டார்கள். 1990 தேர்தலில் எதிர்க்கட்சியான தேசியக் கட்சி அதையே பிடித்துக்கொண்டு, "அவர்கள் ஏமாற்றினார்கள், நாங்கள் நடத்துவோம்" என்று வாக்குறுதி கொடுத்தது. அந்தக் கட்சியின் தலைவர்களில் பலருக்கும் மாற்றத்தில் விருப்பமில்லை. எதிராளியைக் குத்திக்காட்டச் சொன்னதில் தாங்களே மாட்டிக்கொண்டார்கள்.

இதற்கு இடையில் மக்கள் கோபம் வேறொரு காரணத்தால் கொதித்துக்கொண்டிருந்தது. 1984-க்குப் பிறகு தொழிற்கட்சி, தேர்தலில் ஒரு வார்த்தையும் சொல்லாமல், அரசு நிறுவனங்களை விற்றது, மானியங்களை வெட்டியது. சரி, இவர்கள் வேண்டாம் என்று 1990-இல் தேசியக் கட்சிக்குப் போட்டார்கள். அது 48 சதவீத வாக்கில் 97-க்கு 67 இடம் அள்ளியது. வந்ததும் 1991 பட்ஜெட்டில் சமூக நலச் செலவுகளை இன்னும் ஆழமாக வெட்டியது. முதியோர் ஓய்வூதியத்தின் மீதான கூடுதல் வரியை நீக்குவோம் என்ற வாக்குறுதியும் காற்றில் போனது. இவருக்குப் போட்டாலும் இதுதான், அவருக்குப் போட்டாலும் இதுதான், நடுவில் தடுத்துக் கேட்க யாரும் இல்லை. விகிதாசாரத்தின் கணிதம் தெரிந்து வாக்களித்தவர்களைவிட, எந்தக் கட்சிக்கும் இனி முழுக் கடிவாளமும் கொடுக்கக்கூடாது என்று வாக்களித்தவர்கள்தான் அதிகம் என்பது என் கணிப்பு.

1992 செப்டம்பர் 19 வாக்குச்சீட்டை இந்த விஷயத்தில் ஆர்வம் உள்ளவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரே தாளில் இரண்டு பகுதிகள். முதல் பகுதி: இப்போதைய முறையே இருக்கட்டுமா, மாறட்டுமா? இரண்டாம் பகுதி: மாறுவதானால் இந்த நான்கில் எது? முதல் பகுதியில் 'இருக்கட்டும்' என்று போட்டவரும் இரண்டாம் பகுதியில் வாக்களிக்கலாம். "மாற்றம் வேண்டும், ஆனால் நீங்கள் சொல்கிற மாற்றம் வேண்டாம்" என்பவர்களும் "எதுவும் வேண்டாம்" என்பவர்களும் ஒரே பெட்டியில் விழுந்து கலந்துவிடாமல் இந்த அமைப்பு காப்பாற்றியது. கட்சிகளைச் சாராத ஒரு குழுவை வைத்து, அரசுச் செலவில், நான்கு முறைகளையும் மக்களுக்கு விளக்கினார்கள். முடிவு: மாற்றம் வேண்டும் என்று 84.7 சதவீதம். நான்கில் கலப்பு விகிதாசார முறைக்கு 70.5 சதவீதம். வாக்களித்தவர்கள் 55 சதவீதம்தான் என்றாலும் சொன்ன சேதியில் சந்தேகமே இல்லை.

அத்தோடு விடவில்லை. அடுத்த வாக்கெடுப்பு 1993 நவம்பர் 6, பொதுத்தேர்தல் அன்றே. இந்த முறை நேருக்கு நேர்: பழைய முறையா, கலப்பு விகிதாசாரமா? இதில்தான் முக்கியமான ஏற்பாடு இருக்கிறது. புதிய முறைக்கான சட்டத்தை நாடாளுமன்றம் வாக்கெடுப்புக்கு முன்பே முழுமையாக நிறைவேற்றி வைத்துவிட்டது. மக்கள் 'ஆம்' என்றால் அது தானாகவே நடைமுறைக்கு வரும், 'இல்லை' என்றால் வராது. ஜெயித்த பிறகு "பரிசீலிக்கிறோம்" என்று இழுக்க யாருக்கும் இடம் வைக்கவில்லை.

எதிர்ப் பிரசாரம் பலமாக இருந்தது. தொலைபேசி நிறுவனமான டெலிகாமின் தலைவர் பீட்டர் ஷர்ட்கிளிஃப் முன்னின்று நடத்திய இயக்கத்திடம் பணம் இருந்தது, தொலைக்காட்சி விளம்பரம் இருந்தது. உறுப்பினர்கள் 99-லிருந்து 120 ஆவார்கள், யாருமே தேர்ந்தெடுக்காத பட்டியல் ஆட்கள் உள்ளே வருவார்கள் என்று பயமுறுத்தினார்கள். ராட் டொனால்ட் போன்றவர்கள் நடத்திய ஆதரவு இயக்கத்திடம் இருந்தது பெரும்பாலும் தொண்டர்கள் வீடு வீடாக நடந்த உழைப்புதான். 84 சதவீதமாக இருந்த ஆதரவு 53.9 சதவீதமாகச் சுருங்கியது. அது போதுமானதாக இருந்தது. அன்றைய பொதுத்தேர்தலில் தேசியக் கட்சி 35 சதவீத வாக்கில் 99-க்கு 50 இடம் வாங்கி ஆட்சியைத் தக்கவைத்துக்கொண்டது.

சரி, மாறிய பிறகு என்ன ஆனது? 1996-இல் முதல் தேர்தல். யாருக்கும் பெரும்பான்மை இல்லை. 17 இடங்களோடு வின்ஸ்டன் பீட்டர்ஸின் கட்சி நடுவில் உட்கார்ந்து இரண்டு மாதம் பேரம் பேசியது. தேசியக் கட்சியை வீழ்த்துவார் என்று நம்பிப் போட்டவர்கள் பலர். அவர் கடைசியில் அதே கட்சியோடு சேர்ந்தார். 1998-இல் கூட்டணி உடைந்தது, அவருடைய கட்சியே இரண்டானது, உறுப்பினர்கள் அங்கும் இங்கும் தாவினார்கள். மக்கள் வெறுத்துப் போனார்கள். நம் நாட்டில் 1985-இல் கட்சித் தாவல் தடைச் சட்டம் வந்தது போல, அங்கே 2001-இல் ஒரு சட்டம் வந்தது. அது 2005-இல் காலாவதியாகி, 2018-இல் மறுபடியும் வந்தது. கட்சியின் பட்டியலில் வந்தவர் கட்சிக்கே சொந்தம் என்ற வாதம் அதன் பின்னால் இருக்கிறது. கட்சிகளின் மீதான கோபத்தில் கொண்டுவந்த முறை, கட்சித் தலைமையின் கையில் பட்டியல் என்ற புதிய சாவியைக் கொடுத்தது. இதை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது.

ஆனாலும் பழையபடி ஒரே கட்சி நினைத்ததையெல்லாம் ஒரே பட்ஜெட்டில் செய்துவிடும் நிலை போய்விட்டது. பெண்கள் 21 சதவீதத்திலிருந்து முதல் தேர்தலிலேயே 29 சதவீதமானார்கள், பூர்வகுடிகளான மாவோரி மக்களின் பிரதிநிதித்துவமும் கூடியது. 2011-இல் மறுபடியும் கேட்டார்கள்: இந்த முறையே தொடரட்டுமா? 57.8 சதவீதம் தொடரட்டும் என்றார்கள். முதல் தேர்தலிலிருந்து 15 வருடம் வாழ்ந்து பார்த்துவிட்டுச் சொன்ன பதில் என்பதால் 1993 வெற்றியைவிட இதை நான் பெரிதாக மதிக்கிறேன்.

அதே நாட்டில் 1999-இல் நடந்த இன்னொரு வாக்கெடுப்பை இதோடு சேர்த்துப் பார்க்கவேண்டும். உறுப்பினர் எண்ணிக்கையை மறுபடி 99 ஆக்கவேண்டும் என்று குடிமக்களே கையெழுத்து திரட்டிக் கொண்டுவந்தது. 81 சதவீதத்துக்கு மேல் ஆதரவு. ஒன்றும் நடக்கவில்லை. நாடாளுமன்றத்தில் இன்றும் 120 பேர் கணக்குதான். காரணம், அந்த வாக்கெடுப்பு அரசைக் கட்டுப்படுத்தாது என்று சட்டமே சொல்கிறது. 53.9 சதவீதம் ஒரு நாட்டின் தேர்தல் முறையை மாற்றியது. 81 சதவீதம் ஒரு நாற்காலியைக்கூட அகற்றவில்லை.

இப்போது கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா. அங்கே நடந்தது எனக்கு இன்றும் ஆற்றாமையைத் தருகிற விஷயம்.

அங்கே 1996-இல் லிபரல் கட்சி வாக்கில் முந்தியும் ஆட்சியை இழந்தது. 2001-இல் அதே கட்சி 57 சதவீத வாக்கில் 79-க்கு 77 இடம் பிடித்தது. எதிர்க்கட்சி என்று இரண்டே பேர். முதல்வர் கார்டன் கேம்பல் தேர்தலுக்கு முன் கொடுத்த வாக்கை, அவ்வளவு பெரிய வெற்றிக்குப் பிறகும் காப்பாற்றினார். தேர்தல் முறையை ஆராயும் வேலையைச் சாதாரணக் குடிமக்களிடமே கொடுத்தார். அவருக்கு அந்தப் பெருமையைத் தரத்தான் வேண்டும்.

வாக்காளர் பட்டியலிலிருந்து குலுக்கல் முறையில் கடிதம் அனுப்பினார்கள். ஒவ்வொரு தொகுதிக்கும் ஓர் ஆண், ஒரு பெண். 79 தொகுதிக்கு 158 பேர், பூர்வகுடிகளிலிருந்து இருவர், ஆக 160. தலைவராக ஜாக் பிளேனி. 2004 ஜனவரி தொடங்கி வார இறுதிகளில் வான்கூவரில் கூடினார்கள். நாளொன்றுக்கு 150 டாலர், குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஏற்பாடு. முதல் மூன்று மாதம் படிப்பு: எந்த நாட்டில் என்ன முறை, எதில் என்ன கோளாறு. பிறகு மாகாணம் முழுக்க 50 பொதுக்கூட்டங்கள். 1,600-க்கும் மேற்பட்ட எழுத்துப்பூர்வ மனுக்கள். கோடை முடிந்து மறுபடி கூடி விவாதம். இறுதியில் இரண்டு முறைகள் எஞ்சின: நியூசிலாந்தின் கலப்பு முறை, அயர்லாந்தின் ஒற்றை மாற்று வாக்கு முறை. அயர்லாந்து முறைக்கு 123, கலப்பு முறைக்கு 31. பிறகு, பழைய முறைக்குப் பதிலாக இதை மக்களிடம் பரிந்துரைக்கலாமா என்றபோது 146 பேர் ஆம், 7 பேர் இல்லை.

நிபுணர்களில் பலருக்கும் கலப்பு முறைதான் பிடித்திருந்தது. குடிமக்கள் வேறு பக்கம் போனதன் காரணம் உங்கள் மூன்றாவது கேள்வியைத் தொடுகிறது: கட்சிப் பட்டியல் அவர்களுக்குப் பிடிக்கவில்லை. அயர்லாந்து முறையில் பட்டியல் கிடையாது. நான்கு பேரைத் தேர்ந்தெடுக்கும் ஒரு பெரிய தொகுதி என்று வைத்துக்கொள்ளுங்கள். வாக்காளர் தனக்குப் பிடித்த வரிசையில் 1, 2, 3 என்று எண் போடுவார். ஒரு லட்சம் வாக்கு பதிவானால், 20,001 வாங்கியவர் தேர்வானார். அதற்கு மேல் அவருக்கு வந்த உபரி வாக்கு அந்தந்த வாக்காளரின் அடுத்த விருப்பத்துக்குப் போகும். கடைசியில் நிற்பவர் விலக்கப்பட்டு அவருடைய வாக்குகளும் அப்படியே நகரும். ஒரே கட்சியின் மூன்று பேர் நின்றால், அவர்களில் யார் வேண்டும் என்பதையும் வாக்காளரே சொல்லிவிடுகிறார். தலைமைக்கு வேண்டியவர் என்பதற்காக யாரும் உள்ளே போய்விட முடியாது. சுயேச்சைக்கும் உண்மையான வாய்ப்பு உண்டு. கட்சியை ஒழிக்காமலேயே கட்சித் தலைமையின் பிடியைத் தளர்த்துவதற்கு எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல முறை நடைமுறையில் இல்லை.

2005 மே 17 வாக்கெடுப்பு. 57.7 சதவீதம் ஆம். 79 தொகுதிகளில் 77-இல் பெரும்பான்மை. தோல்வி! ஏனென்றால் 60 சதவீதம் வேண்டும் என்று அரசு முன்கூட்டியே விதி வைத்திருந்தது. அன்று அதே வாக்காளர்கள் அதே மையங்களில் சட்டமன்றத் தேர்தலிலும் வாக்களித்தார்கள். அதில் லிபரல் கட்சிக்கு 46 சதவீத வாக்கு. 79-க்கு 46 இடத்தோடு முழு ஆட்சி. ஆட்சியைப் பிடிக்க 46 போதும், ஆட்சி பிடிக்கும் விதியை மாற்ற 58 போதாது. எவ்வளவு முறை யோசித்தாலும் இதற்கு என்னால் நியாயம் கண்டுபிடிக்க முடியவில்லை.

அந்த ஆதரவு அலையை விட்டால் திரும்ப வராது என்பதும் பின்னால் தெரிந்தது. 2009-இல் மறுபடி கேட்டபோது 39 சதவீதம்தான். புதிய தொகுதி வரைபடங்கள் இப்போது கையில் இருந்தன: 85 உறுப்பினர்கள், 20 பெரிய தொகுதிகள். உள்ளூர் உறுப்பினர் இருநூறு மைல் தள்ளிப் போய்விடுவார் என்று கிராமப்புற வாக்காளரைப் பயமுறுத்த எதிர்த் தரப்புக்கு அது போதும். 160 பேரின் ஒரு வருட உழைப்பை ஞாபகம் வைத்திருந்தவர்களும் குறைந்துவிட்டார்கள். 2018-இல் தபால் வாக்கெடுப்பு, இந்த முறை கேள்வியைக் குடிமக்கள் எழுதவில்லை, ஆளும் தரப்பு எழுதியது. வாக்காளர் முன்னால் வைக்கப்பட்ட மூன்று விகிதாசார முறைகளில் இரண்டு அதுவரை உலகில் எங்கும் நடைமுறையில் இல்லாதவை. 61 சதவீதம் பழைய முறையே போதும் என்றது.

பிரிட்டனை வேகமாகக் கடந்துவிடலாம். 2011 மே 5 வாக்கெடுப்பில் விகிதாசாரம் கேள்வியிலேயே இல்லை. கூட்டணிப் பேரத்தில் இரண்டு கட்சிகள் சமரசமாகக் கண்டெடுத்த மாற்று வாக்கு முறையை மட்டும் வைத்தார்கள்: வாக்காளர் 1, 2, 3 என்று எண் போடுவார், ஆனால் தொகுதிக்கு ஒருவர்தான், அதனால் இது அயர்லாந்து முறை அல்ல. அதைக் கேட்டு வாங்கிய லிபரல் டெமாக்ரட் கட்சித் தலைவர் நிக் கிளெக்கே முன்பு அதை மட்டமாகப் பேசியிருந்தார். எதிர்த் தரப்பு, இதற்கு 25 கோடி பவுண்டு ஆகும், அந்தப் பணம் பச்சிளம் குழந்தைகளின் மருத்துவத்துக்குப் போகவேண்டாமா என்று சுவரொட்டி ஒட்டியது. 68 சதவீதம் நிராகரித்தது. கனடாவின் பிரின்ஸ் எட்வர்ட் தீவில் 2016-இல் கலப்பு முறை ஜெயித்தும், வாக்குப்பதிவு குறைவு என்று சொல்லி அரசு அதை ஏற்கவில்லை. ஐஸ்லாந்தில் 2012-இல் புதிய அரசமைப்பு வரைவுக்கு மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு கிடைத்தும் நாடாளுமன்றம் நிறைவேற்றவில்லை. இரண்டு இடத்திலும் நியூசிலாந்து செய்த அந்த ஒரு காரியம், முன்பே சட்டத்தை எழுதி வைப்பது, நடக்கவில்லை.

நியூசிலாந்தைத் தவிர, இதுவரை சொன்னது மாற்றம் கேட்டுத் தோற்ற கதைகள். ஆளுங்கட்சியே தன் வசதிக்கு வாக்கெடுப்பைக் கொண்டுவந்தால் என்ன ஆகும் என்பதற்கு இரண்டு உதாரணங்கள் போதும்.

அயர்லாந்தில் ஃபியன்னா ஃபால் கட்சி, ஒற்றை மாற்று வாக்கை எடுத்துவிட்டு, அதிக வாக்கு வாங்கியவருக்கே வெற்றி என்ற பிரிட்டன் முறையைக் கொண்டுவர 1959-இல் வாக்கெடுப்பு வைத்தது. அந்த முறை வந்தால் அதற்கு நிரந்தரப் பெரும்பான்மை. அதே நாளில் குடியரசுத் தலைவர் தேர்தல்; கட்சியின் மாபெரும் தலைவர் டி வலேரா வேட்பாளர். மக்கள் அவரைக் குடியரசுத் தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள், அவர் கேட்ட தேர்தல் முறையை நிராகரித்தார்கள். வித்தியாசம் 34 ஆயிரம் வாக்குக்கும் குறைவு. 1968-இல் கட்சி மறுபடி முயன்றது; இந்த முறை 60 சதவீதத்துக்கு மேல் எதிர்ப்பு. மனிதரையும் விதியையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்த வாக்காளர்கள்.

இலங்கையில் நடந்தது தமிழர்களுக்குத் தெரிந்த கதை. 1977-இல் ஐக்கிய தேசியக் கட்சி ஏறத்தாழ 51 சதவீத வாக்கில் 168-க்கு 140 இடம் பிடித்தது. 1978 அரசமைப்பு விகிதாசார முறையைக் கொண்டுவந்தது. அடுத்த தேர்தல் அந்த முறையில் நடந்தால் மூன்றில் இரண்டு பெரும்பான்மை கரைந்துவிடும். ஆகவே ஜே.ஆர்.ஜெயவர்த்தனா தேர்தலே வைக்காமல், இருக்கும் நாடாளுமன்றத்தை இன்னும் ஆறு வருடம் நீட்டிக்கலாமா என்று 1982 டிசம்பர் 22 அன்று சர்வசன வாக்கெடுப்பு நடத்தினார். ஆம் என்றால் விளக்கு, இல்லை என்றால் குடம். அவசரகாலச் சட்டம் நடைமுறையில் இருந்தது. 54.7 சதவீதம் விளக்குக்கு என்று அறிவித்தார்கள். யாழ்ப்பாணம் மிகப் பெரும்பான்மையாகக் குடத்துக்குப் போட்டது. புதிய முறையில் முதல் பொதுத்தேர்தல் 1989-இல்தான் வந்தது. நடுவில் இருந்த ஆறு வருடங்களில் 1983 ஜூலை இருக்கிறது. மக்கள் தீர்ப்பு என்ற பெயரே, மக்கள் தீர்ப்பைத் தள்ளிப்போடும் கருவியானது.

இனி மூன்றாவது கேள்வி. கட்சி இல்லாத ஆட்சி உண்டு. கனடாவின் வடக்கே நூனவுட், வடமேற்குப் பிரதேசங்கள் ஆகிய இரண்டிலும் சட்டமன்றத் தேர்தலில் எல்லோரும் தனி ஆட்களாகவே நிற்கிறார்கள். ஜெயித்து வந்த பிறகு கூடி, ரகசிய வாக்கெடுப்பில் முதல்வரையும் அமைச்சர்களையும் தேர்ந்தெடுக்கிறார்கள். வடமேற்குப் பிரதேசங்களில் மொத்தம் 19 பேர். அமைச்சரவை முதல்வரோடு 7, அவைத்தலைவர் ஒருவர், மீதி 11 பேர் சாதாரண உறுப்பினர்கள். அமைச்சரவை எப்போதும் சிறுபான்மைதான். ஒவ்வொரு மசோதாவுக்கும் வெளியே இருப்பவர்களில் சிலரையாவது உண்மையிலேயே சம்மதிக்க வைத்தாக வேண்டும். நூனவுட்டில் 2018-இல் முதல்வர் பால் குவாசாவை நம்பிக்கையில்லாத் தீர்மானத்தில் இறக்கிவிட்டு வேறொருவரைத் தேர்ந்தெடுத்தார்கள். ஆட்சி கலையவில்லை, தேர்தல் வரவில்லை.

குறையும் உண்டு. வாக்களிக்கும்போது முதல்வர் யார், கொள்கை என்ன என்று வாக்காளருக்குத் தெரியாது. தவறு நடந்தால் மொத்தமாக யாரைத் தண்டிப்பது என்பதும் தெரியாது. இந்த முறை அங்கே நிற்பதற்குக் காரணம் பூர்வகுடிகளான இனுவிட் மக்களின் கூடிப்பேசி முடிவெடுக்கும் மரபும், நூனவுட்டின் மக்கள்தொகை 2021 கணக்கெடுப்பில் ஏறத்தாழ 37 ஆயிரம்தான் என்பதும். நூனவுட் தனிப் பிரதேசமாகப் பிறப்பதற்கு முன்பே அங்கே ஒரு தேர்தல் முறை வாக்கெடுப்பு நடந்தது: ஒவ்வொரு தொகுதிக்கும் ஓர் ஆண், ஒரு பெண் என இருவரைத் தேர்ந்தெடுக்கலாமா என்று 1997-இல் கேட்டார்கள். 57 சதவீதம் வேண்டாம் என்றது. கட்சி இல்லாத இடத்திலும் வாக்கெடுப்பு தோற்கும்.

அமெரிக்காவின் நெப்ராஸ்கா வேறு வகை. பொருளாதாரப் பெருமந்த காலத்தில், செனட்டர் ஜார்ஜ் நாரிஸ் ஊர் ஊராகப் பேசி, 1934 வாக்கெடுப்பில் மாநிலச் சட்டமன்றத்தின் இரண்டு அவைகளை ஒன்றாக்கி, வாக்குச்சீட்டிலிருந்து கட்சிப் பெயரையே நீக்கினார். ஏறத்தாழ 60 சதவீத ஆதரவு. 133 உறுப்பினர்கள் 43 ஆனார்கள்; இன்று 49. சீட்டில் கட்சி இல்லை, ஆனால் யார் எந்தக் கட்சி என்று எல்லோருக்கும் தெரியும். தமிழ்நாட்டில் கிராம ஊராட்சித் தலைவர் தேர்தல் கட்சிச் சின்னம் இல்லாமல்தான் நடக்கிறது. ஊரில் கேட்டுப் பாருங்கள், எவர் எந்தக் கட்சி ஆள் என்று சின்னப் பையனும் சொல்வான். கட்சியை விதி போட்டு ஒழிக்க முடியாது. நாலு பேர் சேர்ந்து ஒரு காரியத்துக்கு வாக்குக் கேட்டால் அதுவே கட்சிதான்.

அதனால் நான் நம்பும் மாற்று, கட்சிகளை முழுக்க அகற்றுவது அல்ல. கட்சிகளுக்குச் சொந்த லாபம் இருக்கும் அந்த ஒரு வேலையை, அதாவது தேர்தல் முறை, தொகுதி எல்லை, தேர்தல் செலவு விதிகளை எழுதும் வேலையை, அவர்கள் கையிலிருந்து எடுத்துக் குலுக்கலில் வந்த குடிமக்களிடம் கொடுப்பது. பிரிட்டிஷ் கொலம்பியா அதற்கு வழி காட்டியது. அயர்லாந்து அதை மேலும் கொண்டுபோனது: 2016-இல் அமைக்கப்பட்ட, 99 குடிமக்கள் அடங்கிய பேரவை கருக்கலைப்புச் சட்டம் போன்ற, பெரிய கட்சிகள் தொட அஞ்சிய விஷயத்தை எடுத்துப் பேசிப் பரிந்துரைத்தது, 2018 வாக்கெடுப்பில் 66.4 சதவீதம் அதை ஏற்றது. ஆனால் அதே அயர்லாந்தில் 2024 மார்ச்சில் குடும்பம், பராமரிப்பு பற்றிய இரண்டு திருத்தங்களும் படுதோல்வி அடைந்தன. பராமரிப்புத் திருத்தத்துக்கு எதிராக 73.9 சதவீதம். குடிமக்கள் பேரவை பரிந்துரைத்த வாசகத்தை அரசு நீர்த்துப்போகச் செய்து, தன் வாசகத்தைச் சீட்டில் வைத்திருந்தது. தோல்விக்கு வேறு காரணங்களும் உண்டு, இது அவற்றில் முக்கியமான ஒன்று.

பெல்ஜியத்தின் கிழக்கு ஓரத்தில் ஜெர்மன் பேசும் சிறு சமூகம் இருக்கிறது, ஏறத்தாழ எண்பதாயிரம் பேர்தான். அதன் நாடாளுமன்றம் 2019-இல் இந்த ஓட்டையை அடைக்க ஒரு விதி செய்தது. குலுக்கலில் வந்த 24 பேர் கொண்ட நிரந்தரக் குழு, எந்த விஷயத்தைப் பேசவேண்டும் என்று தீர்மானிக்கிறது. அதற்காகத் தனியாகக் குலுக்கலில் எடுத்த பேரவை கூடிப் பரிந்துரை செய்கிறது. நாடாளுமன்றம் அதற்குப் பதில் சொல்லியே ஆகவேண்டும். ஏற்கவில்லை என்றால் ஏன் என்று காரணத்தோடு சொல்லவேண்டும். பிறகு அந்த 24 பேர், சொன்னபடி நடந்ததா என்று விடாமல் பின்தொடர்கிறார்கள். அவர்கள் முதலில் எடுத்துக்கொண்ட விஷயம் நோயாளிகளையும் முதியவர்களையும் பராமரிப்பவர்களின் வேலைநிலை.